சார்ஜ் போட்டுக்கிட்டே யூஸ் பண்ணா என்ன தப்பு?

"சார்ஜ் போட்டுக்கிட்டே ஃபோனை நோண்டாதே, பேட்டரி போயிடும்." இதை வீட்டில் அம்மா சொல்லியிருப்பாங்க, ஹாஸ்டலில் ரூம்மேட் சொல்லியிருப்பான், சர்வீஸ் கடை அண்ணன் புது பேட்டரி போட்டு பில் தரும்போது இலவச இணைப்பா சொல்லியிருப்பார். நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பிறகு எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் கொஞ்சம் கோபம் இருக்கு. சொல்றவங்க மேல எந்தக் கோபமும் கிடையாது. பேட்டரி சூடாவதையும் உப்புவதையும் அவங்க கண்ணால் பார்த்திருக்காங்க. ஆனா அந்த வாக்கியம் பழியை முழுக்கப் பயன்படுத்துகிறவர் தலையில் கட்டிட்டு, அந்தக் கருவியை டிசைன் பண்ணின ஆளைப் பத்திரமா வீட்டுக்கு அனுப்பி வைக்குது. அந்த டிசைன் பண்ணப்போற ஆள் இன்னும் ஆறு மாசத்தில் நீங்களும் நானும்தான். அதனால இதைப் பேசியே ஆகணும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். சார்ஜ் ஏறும்போது ஒரு கருவியைப் பயன்படுத்துவது கெட்ட பழக்கம் கிடையாது, அது சாதாரணத் தேவை. அந்தத் தேவையைத் தாங்கும்படி கருவியைச் செய்வதுதான் இன்ஜினியரிங். தாங்காத ஒன்றைச் செய்துட்டு "யூஸ் பண்ணாதீங்க"ன்னு ஸ்டிக்கர் ஒட்டுவது இன்ஜினியரிங்கில் சேராது.

யாருக்கு இந்தத் தேவை?

என் சொந்த ஊர் எடப்புளி நாடு. நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை மேலே. காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கோ ஆகாய கங்கைக்கோ டூர் வந்தவங்களுக்கு அந்த வளைவுகள் நினைவிருக்கும், வயிறு புரட்டினவங்களுக்கு இன்னும் நல்லா நினைவிருக்கும்.

மலை மேல ஃபோன் வைத்திருப்பவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. காற்று மழைன்னா மரக்கிளை கம்பி மேல விழும், கரண்ட் போகும். திரும்ப எப்போ வரும்னு உறுதியாச் சொல்ல முடியாது. வந்த உடனே செய்யற முதல் வேலை ஃபோனைச் சார்ஜில் போடறது. அன்னைக்கு முழுக்கத் தேங்கின வேலையெல்லாம் அதே நேரத்தில்தான் நடக்கணும்: மிளகு விலை கேட்கணும், வெளியூரில் இருக்கிற பிள்ளைக்குப் பேசணும், ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போடணும். வீட்டில் இருக்கிறது ஒரே ஃபோன். "முழுசா ஏறட்டும், அப்புறம் யூஸ் பண்ணு"ங்கிறது பவர் பேங்க்கும் இரண்டாவது ஃபோனும் இருக்கிறவங்களுக்கான அறிவுரை.

இன்னொரு விஷயம், மலையில் சிக்னல் பலவீனம். டவர் தூரமா இருந்தால் ஃபோன் சத்தமாக் கத்தணும், அதாவது டிரான்ஸ்மிட் பவரைக் கூட்டணும். சென்னையில் டவர் நிழலில் நின்று பேசுகிற ஃபோனை விட அதே மாடல் இங்கே அதிகம் சாப்பிடும், அதிகம் சூடாகும். 2020-லயும் 2021-லயும் ஆன்லைன் கிளாஸ் நடந்தப்போ மலை ஊர்ப் பிள்ளைகள் சிக்னல் தேடி அலைந்த செய்திகள் படிச்சிருப்பீங்க. சிக்னல் கிடைச்ச இடத்தில் பிளக் பாயின்ட் இருக்காது. பிளக் பாயின்ட் இருந்த இடத்தில் ஃபோன் கத்திக் கத்திக் களைச்சுப் போகும்.

ஆகக் கூடுதல் சுமை, குறைவான சார்ஜ் நேரம், இரண்டும் ஒரே சமயத்தில். பேட்டரி சீக்கிரம் போவது இங்கேதான். மாத்தணும்னா மலை இறங்கி நாமக்கல்லோ ராசிபுரமோ போகணும், ஒரு நாள் கூலியும் போகும்.

தொட்டியும் மோட்டாரும்

இனிக் கொஞ்சம் உள்ளே போவோம். உங்க ப்ராஜெக்ட் பாக்ஸைத் திறந்து பாருங்க. லித்தியம் பேட்டரி இருந்தால், பக்கத்தில் ஒரு சின்ன நீல போர்டு இருக்க வாய்ப்பு மிக அதிகம்: டிபி4056. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், யூஎஸ்பி சொருகினால் சிவப்பு லைட், ஏறி முடிச்சால் அடுத்த லைட். நல்ல சிப்தான். ஆனா அதன் வேலை ஒன்றே ஒன்று, ஒரு பேட்டரியைச் சார்ஜ் பண்றது. அது மட்டும்.

அது எப்படி வேலை செய்யுது? முதலில் ஒரே அளவு கரண்ட், வழக்கமான போர்டில் 1 ஆம்பியர் வரை. பேட்டரி 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வோல்டேஜை அங்கேயே பிடிச்சுக்கும், கரண்ட் தானாக் குறையத் தொடங்கும். அது பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்தால் "நிறைஞ்சாச்சு"ன்னு முடிவு பண்ணி நிறுத்தும்.

மாடியில் சின்டெக்ஸ் தொட்டியை நினைச்சுக்கோங்க. குழாயில் தண்ணி வர்ற வேகம் நல்லாக் குறைஞ்சால் தொட்டி நிறைஞ்சதா அர்த்தம், மோட்டாரை நிறுத்துன்னு ஒருத்தரிடம் சொல்லியிருக்கோம். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க மாட்டார், குழாயை மட்டும்தான் பார்ப்பார். இப்போ கீழே பாத்ரூமில் ஒருத்தர் டேப்பைத் திறந்து விட்டுட்டார். தொட்டி நிறைஞ்சும் குழாயில் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். மோட்டார் நிற்கவே நிற்காது.

நம்ம போர்டில் நடப்பது அதேதான். 'அவுட்'னு எழுதியிருக்கும் பின்னைப் பார்த்ததும் அது தனி வெளியீடுன்னு நினைக்கத் தோணும். அந்த அவுட் பிளஸ், பேட்டரி பிளஸோடு நேராகச் சேர்ந்ததுதான். அங்கே வைஃபை ஓடுற ஒரு இஎஸ்பி32-ஐ மாட்டினால் அதுவே 100 மில்லி ஆம்பியரைத் தாண்டிடும். சார்ஜருக்கு அந்தக் கரண்ட் பேட்டரிக்குப் போகுதா, லோடுக்குப் போகுதான்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. பேட்டரி நாள் கணக்கா 4.2 வோல்ட்டிலேயே நிற்கும். லித்தியம் பேட்டரி உச்ச வோல்டேஜில், அதுவும் சூட்டோடு நிற்பதுதான் அதைச் சீக்கிரம் கிழடாக்கும். லோடு சின்னதா இருந்தால் வேற கதை. சார்ஜர் நிறுத்தும், லோடு பேட்டரியைக் கொறிக்கும், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினதும் மறுபடி சார்ஜ். பிளக்கில் மாட்டியிருக்கும் கருவி ராத்திரி முழுக்க உச்சியிலேயே ஏறி இறங்கிக்கிட்டு இருக்கும்.

இதெல்லாம் மெதுவாக் கொல்கிற பிரச்சினை. ஒரே நாளில் கொல்கிறதும் ஒன்று இருக்கு. மலையில் இரண்டு நாள் கரண்ட் இல்லைன்னு வைச்சுக்கோங்க. பேட்டரி அடிமட்டம் வரை காலி. கரண்ட் வருது. பேட்டரி 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் டிபி4056 பயந்து பயந்து, முழுக் கரண்ட்டில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தரும். பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்யணும். ஆனா அந்தக் கொஞ்சத்தையும் லோடே தின்னுடும். கன்ட்ரோலர் எழ முயற்சி பண்ணும், வோல்டேஜ் சரியும், ரீசெட் ஆகும், மறுபடி முயலும். பேட்டரி ஏறாது. கரண்ட் இருக்கு, சார்ஜர் நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு, கருவி மட்டும் செத்துக் கிடக்கும். ஒருத்தர் போய் லோடைக் கழற்றி விடணும். அந்த ஒருத்தர் 70 வளைவு ஏறி வரணும்.

நம்ம காலேஜ் எக்ஸ்போவில் வருஷா வருஷம் "மலைவாழ் விவசாயிகளுக்கான ஸ்மார்ட் கருவி"ன்னு இரண்டு மூணு போஸ்டர் நிற்குது. வானிலை ஸ்டேஷன், மண் ஈர சென்சார், ஏதோ ஒன்று. ரிவ்யூவில் எந்த மாடல், எவ்வளவு அக்யூரசின்னு கேட்பாங்க. கரண்ட் போய் வந்தால் தானா எழுந்திருக்குமான்னு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்க ஊர்க்காரங்களுக்கு அக்யூரசியை விட அதுதான் முக்கியம்.

முதல் பந்தி யாருக்கு?

தீர்வு புதுசு கிடையாது. பவர் பாத்னு பேர், லோட் ஷேரிங்னும் சொல்வாங்க. விதியைக் கல்யாண வீட்டு மொழியில் சொல்றேன்.

ஒன்று, விருந்தாளிக்கு முதல் பந்தி. அடாப்டரில் இருந்து வருகிற பவர் முதலில் கருவிக்கு. இரண்டு, மிச்சம் இருப்பது வீட்டுக்காரங்களுக்கு, அதாவது பேட்டரிக்கு. மூணு, விருந்தாளி எதிர்பார்த்ததை விட அதிகம் வந்துட்டால் வீட்டுக்காரங்க சாப்பாட்டை நிறுத்தி வைச்சுட்டு, வீட்டு அரிசியை எடுத்து உலை வைக்கணும். பேட்டரி சார்ஜ் ஆவதை நிறுத்தி, அடாப்டரோடு சேர்ந்து லோடுக்குக் கொடுக்கணும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ24074, மைக்ரோசிப்பின் எம்சிபி73871 மாதிரியான சிப்கள் இந்த மூணையும் உள்ளேயே செய்யும். லோடுக்குத் தனி வழி, பேட்டரிக்குத் தனி வழி என்பதால் சார்ஜர் பார்ப்பது பேட்டரிக்குப் போகும் கரண்ட்டை மட்டும்தான். நிறைஞ்சால் நிறுத்தத் தெரியும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் கரண்ட் வந்த நொடியில் லோடு எழுந்துக்கும்.

கையில் காசு இல்லைன்னா டிபி4056-க்குப் பின்னாடியே ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட், ஒரு ஷாட்கி டயோடு, ஒரு ரெசிஸ்டர் போதும். யூஎஸ்பி 5 வோல்ட் இருந்தால் அது மாஸ்ஃபெட்டின் கேட்டை உயர்த்தி பேட்டரி வழியை மூடும், லோடு டயோடு வழியா நேரா அடாப்டரில் இருந்து சாப்பிடும். 5 வோல்ட் போனால் ரெசிஸ்டர் கேட்டைக் கீழே இழுக்கும், பேட்டரி வழி திறக்கும். மாட்டும்போது டிரெயின் பேட்டரி பக்கம், சோர்ஸ் லோடு பக்கம். திருப்பி மாட்டினால் உள்ளே இருக்கும் பாடி டயோடு வழியா அடாப்டர் பவர் நேராப் பேட்டரிக்குள் பாயும். சார்ஜர் சிப்பைத் தாண்டிப் போற அந்தப் பாய்ச்சல் ஆபத்து.

இந்த மூணு பொருள் சர்க்யூட் முதல் இரண்டு விதியைத்தான் பாதி நிறைவேற்றும். மூணாவது விதி அதுக்கு ஒழுங்கா வராது. சிம்800எல் போட்ட ப்ராஜெக்ட் செய்தவங்களுக்கு வலி புரியும். ஜிஎஸ்எம் மாட்யூல் சராசரியா அதிகம் சாப்பிடாது, ஆனா பேசும்போது 4.6 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, அரை மில்லி செகண்டு நேரத்துக்கு, 2 ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். அந்த இழுப்புக்குப் பேட்டரி தோள் கொடுக்கலைன்னா மாட்யூல் விழும். அதோட ஷாட்கி வழியா வர்ற வோல்டேஜ் சுமார் 4.7. சிம்800எல் தாங்குவது 4.4 வரைதான். நடுவில் ரெகுலேட்டர் வேணும். சர்க்யூட்டை இன்டர்நெட்டில் இருந்து எடுக்கலாம், தப்பில்லை. நம்ம லோடுக்கு எந்த விதி தேவைன்னு யோசிக்கிற வேலையை அங்கிருந்து எடுக்க முடியாது.

லேப்டாப்புக்குக் கிடைச்ச மரியாதை

இந்தப் பந்தி விதி சரியா இருந்தால் என்ன ஆகும்ங்கிறதுக்கு நம்ம ஊர்லயே பெரிய சாட்சி இருக்கு. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கிச்சு. அந்த லேப்டாப்களில் ஒன்று உங்க அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ இன்னும் இருக்கும். பேட்டரி எப்பவோ செத்திருக்கும், வயரைப் பிடுங்கினால் அணைஞ்சுடும். ஆனா பிளக்கில் இருந்தால் டைப்பிங் பழகலாம், படம் பார்க்கலாம், நெட் சென்டர்காரர் பிரின்ட் எடுக்கலாம். பேட்டரி செத்த பிறகும் கருவி வாழ்வது லோடுக்குத் தனி வழி இருப்பதால்தான்.

அதே வயசு ஃபோனை எடுங்க. பேட்டரி செத்தால் ஃபோனும் செத்தது, சார்ஜர் மாட்டியிருந்தாலும். ஃபோனில் பவர் பாத்தே இல்லைன்னு நான் சொல்ல வரலை. இன்னைக்கு வர்ற பெரும்பாலான ஸ்மார்ட்ஃபோன்களில் உள்ளே லோடையும் பேட்டரியையும் பிரிக்கிற சுவிட்ச் இருக்கு. திடீர் இழுப்புகளுக்கு மட்டும் அது பேட்டரியை நம்பியிருக்கு. அதனால்தான் முழுசா அணைஞ்ச ஃபோனைச் சார்ஜில் போட்டால் சில நிமிஷம் பொறுத்துத்தான் ஆன் ஆகும்.

சிக்கல் சுவிட்ச் இல்லாததில் கிடையாது, அதன் சாவி நம்மகிட்ட இல்லாததில் இருக்கு. "இப்போ பேட்டரியைத் தொடாதே, அடாப்டரில் இருந்து மட்டும் ஓடு"ன்னு சொல்ற வசதிக்கு பைபாஸ் சார்ஜிங்னு பேர். சில கேமிங் ஃபோன்களில் விளம்பரமே பண்றாங்க. சாம்சங்கில் கேம் பூஸ்டருக்குள்ள, 'பாஸ் யூஎஸ்பி பவர் டெலிவரி'ங்கிற பேரில் சில மாடல்களில் இருக்கு, அதுக்கும் தகுந்த பிடி சார்ஜர் வேணும். பிக்சலில் 80 சதவீத வரம்பு போட்டால், அதைத் தொட்ட பிறகு அடாப்டரில் இருந்தே ஓடும்.

கவனிச்சீங்களா? கேம் ஆடறவருக்குக் கிடைக்கிற வசதி, சார்ஜில் போட்டு மூணு மணி நேரம் கிளாஸ் கேட்கிற பிள்ளைக்கு இல்லை. அந்தப் பிள்ளை வாங்கக்கூடிய விலையில் வர்ற பல ஃபோன்களில் அந்த ஆப்ஷனே கிடையாது. பல சமயம் இது மென்பொருளில் திறக்க வேண்டிய கதவு மட்டும்தான். மூடி வைச்சிருப்பதுக்கு எனக்குத் தெரிஞ்சு நல்ல காரணம் எதுவும் இல்லை.

"காஸ்ட் ஏறும் ப்ரோ"

இதை டீயோடு பேசினால் மூணு மறுப்பு வரும்.

முதல் மறுப்பு விலை. உண்மைதான், பவர் பாத் சிப் போட்ட போர்டு டிபி4056-ஐ விடப் பல மடங்கு விலை. ஆனா மலைக்கு ஒரு தடவை ஏறி இறங்கிற பஸ் செலவையும் கூலியையும் கூட்டிப் பாருங்க. கருவியின் விலை அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. லேப் டேபிளில் மலிவானது மலையில் மலிவானதா இருக்காது.

இரண்டாவது, சூடு. "பவர் பாத் இருந்தாலும் யூஸ் பண்ணிக்கிட்டே சார்ஜ் பண்ணா சூடாகத்தானே செய்யும்?" ஆகும். பிராசசரும் ரேடியோவும் சார்ஜிங் சர்க்யூட்டும் ஒரே டப்பாவுக்குள் வேலை செய்தால் சூடு கூடும். பவர் பாத் அதை மாயமா எடுத்துடாது. ஆனா சார்ஜை நிறுத்தி லோடை மட்டும் ஓட்ட முடிஞ்சால், சூட்டில் சார்ஜிங்கின் பங்காவது குறையும், சூடான பேட்டரியை உச்சிக்குத் தள்ளுவதும் நிற்கும். ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைச்சு சார்ஜ் பண்ணாதீங்கங்கிற அறிவுரையை மட்டும் நான் எதிர்க்கவே மாட்டேன்.

மூணாவது, "பேட்டரிதானே, மாத்திக்கலாம்." எங்கே மாத்தறது? பசை போட்டு ஒட்டியாச்சே. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாத்தும்படி இருக்கணும், சில விலக்குகளோடு. நம்ம நாட்டில் 2022-ன் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பயன்பாடு முடிஞ்ச பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்குது. நல்லது. ஆனா செத்த பிறகு யார் எடுத்துப் போறாங்கங்கிறதைப் பற்றி விதி இருக்கும்போது, சாகாமல் பார்த்துக்கிறதைப் பற்றியும் பேசலாமே?

நாம கேட்க வேண்டியது

அரசிடம் ஒன்று. 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிச்சாங்க. இந்த மாதிரி வாங்குதலில் ரேமும் ஸ்டோரேஜும் கேட்பது போல மூணு வரி சேர்க்கலாம்: பேட்டரி இல்லாமலும் அடாப்டரில் ஓடணும், 80 சதவீத சார்ஜ் வரம்பு இருக்கணும், பேட்டரி ஸ்க்ரூவைக் கழற்றினால் வெளியே வரணும். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் கம்பெனிகள் தருவாங்க. அந்தக் கருவிகளில் ஒரு பங்கு மலை ஊர்களுக்கும் வரும்.

காலேஜிடம் ஒன்று. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் பவருக்கு ஒரு பக்கம் கட்டாயம் ஆகட்டும். சராசரி கரண்ட் எவ்வளவு, உச்ச இழுப்பு எவ்வளவு, பேட்டரி காலியான நிலையில் கரண்ட் வந்தால் என்ன ஆகும். கடைசி ரிவ்யூவில் பேட்டரியை முழுக்கக் காலி பண்ணி, பிளக்கைச் சொருகி, தானா எழுதான்னு பார்க்கணும். அஞ்சு நிமிஷ வேலை.

உங்களிடம் ஒன்று. இன்னைக்கே ஃபோன் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்து 80 சதவீத வரம்போ பைபாஸோ இருக்கான்னு பாருங்க, இருந்தால் ஆன் பண்ணுங்க. எப்பவும் பிளக்கிலேயே கிடக்கும் லேப்டாப்பிலும் அதைச் செய்ங்க. வீட்டுப் பெரியவங்க ஃபோனிலும் செய்து கொடுங்க. ஏன்னு கேட்டால் பந்தி கதையைச் சொல்லுங்க, சட்டுனு புரிஞ்சுப்பாங்க.

வேலைக்குப் போன பிறகு ஒரு டிசைன் மீட்டிங்கில் யாராவது சார்ஜர் பகுதிக்கு நேராப் பேட்டரி, பேட்டரிக்கு நேரா லோடுன்னு கோடு போடுவார். "விலை குறைவு, யூசர் மேனுவலில் சார்ஜ் பண்ணும்போது யூஸ் பண்ணாதீங்கன்னு போட்டுக்கலாம்"னு சொல்வார். அன்னைக்கு அந்த ரூமில் மேனுவலைப் படிக்க நேரமில்லாத, கரண்ட் வந்த ஒரு மணி நேரத்தில் எல்லா வேலையையும் முடிக்க வேண்டிய ஆள் சார்பா ஒருத்தராவது வாயைத் திறக்கணும். கேட்க வேண்டிய கேள்வி சின்னதுதான்: "சார்ஜ் ஏறும்போது லோடு எங்கிருந்து சாப்பிடுது?"